மேல் கீல் போல்ட்டு உடைந்த விவரமும் அண்ணி கேட்டுக்கொள்வதும்

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று நாலாம் வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்புக்கு நான் போகவில்லை, அதனால் வேறு மாதிரி தொடங்க எனக்குத் தெரியாது. இங்கே எல்லோரும் நலம், உங்கள் அண்ணனைத் தவிர. அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் வாயைத் திறந்து சொல்லித்தான் ஆறு வருஷம் ஆகிறதே.

இதை எழுத உட்கார்ந்தபோது என் மகள், "போன்ல பேசுனா என்னம்மா? இந்தக் காலத்துல யாரு லெட்டர் எழுதுறா?" என்றாள். "போன்னா உங்க சித்தப்பா வச்சிடுவாரு. லெட்டரை வைக்க முடியாதுல்ல," என்றேன். "கிழிக்கலாமே," என்றாள். "கிழிக்கிறவங்களும் உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டுத்தான்டி கிழிப்பாங்க." அந்த ஒரு தடவையை நம்பித்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். லாரியின் டிரைவர் பக்கத்துக் கதவு சரியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மரக்கடையில் லோடு ஏற்ற வேண்டும். ஓட்ட ஆள் இல்லை. நீங்கள் வர வேண்டும். இவ்வளவு மட்டும் எழுதினால் வரமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நடந்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன். கோபம் வருகிற இடத்தில் கோபப்பட்டுவிட்டு மேலே படியுங்கள், நடுவில் வைத்துவிட வேண்டாம்.

உங்கள் அண்ணன் போன இருபதாம் நாள் மரக்கடை மேனேஜர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அக்கா, அண்ணன் இருந்த வரைக்கும் கயித்தால கட்டின கதவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டேன். இப்ப எங்க கேட்டுல புது ஆபீசர் வந்திருக்காரு. அந்தக் கதவு கழண்டு எவன் தலையில விழுந்தாலும் என் தலைதான் போகும்," என்றார். "ஒரு கதவுக்கு ரெண்டு தலையா?" என்று என் வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டது. அவர் சிரித்துவிட்டார். இழவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் உட்கார்ந்தார். "ஒண்ணாந்தேதி திங்கக்கிழமை. கதவு சாத்துற மாதிரி இருக்கணும், சாத்துன கதவுக்கு உள்ள டிரைவர் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் லோடை வேற வண்டிக்குக் குடுத்துடுவேங்க்கா. என்னால அதுக்குமேல இழுக்க முடியாது." அந்த லோடு இல்லையென்றால் இந்த வீட்டில் என்னென்ன நின்றுபோகும் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. மகள் படிப்புதான் முதலில் நிற்கும்.

கயிற்றுக் கதை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போனபிறகு வந்தது. கடைசி ஒரு வருஷமாக அந்தக் கதவை ஜன்னல் வழியாகக் கயிறு விட்டு சீட்டின் காலோடு கட்டிவிட்டு, உங்கள் அண்ணன் அந்தப் பக்கத்துக் கதவில் ஏறி, கியர்க் கம்பியைத் தாண்டித் தாண்டித்தான் தன் சீட்டுக்கு வருவார். அவர் உடம்புக்கு அது லேசான வேலையா? தினமும் ஏதாவது ஒன்று மாட்டிக்கொள்ளும். சரி பண்ணக் கூடாதா என்றால், "கதவு நல்லாத்தான்டி இருக்கு. கீலுதான் கோவிச்சுக்கிட்டிருக்கு," என்பார். "கோவிச்சுக்கிட்டா நாமதான் போய்ச் சமாதானம் பண்ணணும்." "ஏன், அதுவா வரட்டுமே." கீலுக்கு மட்டுமில்லை, அவரிடம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வைத்தியம்தான் இருந்தது. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் வெளியாள் ஒருவரைத்தான் டிரைவராகப் பார்த்தேன். உங்களைக் கூப்பிட எனக்கு முகமில்லை. அந்த மனிதர் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, நான் "அந்தப் பக்கம்" என்று சொல்வதற்குள் கயிற்றை அவிழ்த்து டிரைவர் பக்கத்துக் கதவை ஒரு இழுப்பு இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். மேல் கீலைப் பிடித்துக்கொண்டிருந்த கடைசிப் போல்ட்டு அதுதான், தலை தெறித்துச் சாக்கடையில் போய் விழுந்தது. கதவு கீழ்க் கீலை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் மேல் சாய்ந்துவிட்டது. கைப்பிள்ளையை வாங்கிக்கொண்ட மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "இதை எங்கம்மா வைக்கிறது?" என்றார். எங்கும் வைக்க முடியாது, விட்டால் கீழ்க் கீலும் பிய்ந்துவிடும். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அடியில் வைத்தேன், எட்டவில்லை. அதன்மேல் இரண்டு தலையணை வைத்தேன், அப்புறமும் கையை எடுக்கப் பயந்தார். ஒரு மணி நேரம் அப்படியே நின்றார். தண்ணீர் கேட்டபோது நான்தான் வாயில் ஊற்றினேன். அதற்கப்புறம் அவர் இந்தத் தெருப்பக்கமே வரவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த ஒரு மணி நேரமும் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தது. அவரையும் உங்களுக்குத் தெரியாது, புதிதாகக் கடை போட்டவர். எப்போது கூப்பிட்டாலும் "இதோ கிளம்பிட்டேன்" என்பார், ஆனால் கிளம்ப மாட்டார். அதனால் எல்லோரும் அவரை 'இதோ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதோ வந்து, கதவைக் கழற்றி இறக்கி, வண்டியில் கீல் மாட்டியிருக்கிற தூணில் விரலை வைத்துப் பார்த்தார். "மேல் கீலுக்கு ரெண்டு போல்ட்டும்மா. ஒண்ணு எப்பவோ காணாமப் போயிருக்கு. இன்னொண்ணுக்குத் தலை போயிடுச்சு, உடம்பு உள்ள மாட்டிக்கிட்டிருக்கு. துருப்பிடிச்சு ஒட்டிப்போச்சு. அண்ணன் இதுக்கு எண்ணெயே விட்டதில்லையா?" "எனக்கே ரெண்டு மாசத்துக்கு ஒரு நல்ல வார்த்தைதான் சொல்லுவாரு, போல்ட்டுக்கா எண்ணெய் விடப்போறாரு," என்றேன். சொல்லிவிட்டு எனக்கே மனசு கேட்கவில்லை. மாசத்துக்கு ஒன்று இருக்கும்.

வெளியில் வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கதவை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். முன்னறையில் சாய்த்து வைத்தால் வாசல் அடைக்கிறது, சமையலறையில் நுழையவே இல்லை. கடைசியில் கட்டிலில்தான் படுக்க வைத்தோம், அவர் படுக்கிற பக்கத்தில். கண்ணாடியில் கீறல் விழக் கூடாதென்று ஒரு போர்வையைப் போர்த்தினேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம், "அம்மா, கதவுக்குத் தலையணை எதுக்கும்மா?" என்றாள். ஸ்டூலில் வைத்திருந்த தலையணையைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அந்த இடத்திலேயே போட்டிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. எட்டு நாள் அது அங்கே கிடந்தது. கட்டில் அந்தப் பக்கமாகத் தாழ்ந்து இருந்தது. இந்த நாற்பது நாளில் நான் கொஞ்சம் தூங்கியது அந்த எட்டு நாள்தான்.

முதல் மூன்று நாள் எண்ணெய் வைத்தியம். காலையில் மூன்று சொட்டு, சாயங்காலம் மூன்று சொட்டு விடச் சொன்னார் இதோ. என் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் அவருக்கு மருந்து விட்ட மாதிரி நேரம் பார்த்து விட்டேன். அங்கேயும் அசையவில்லை, இங்கேயும் அசையவில்லை. நாலாம் நாள் இதோ டிரில்லைக் கொண்டுவந்து போல்ட்டின் நடுவில் ஓட்டை போட ஆரம்பித்தார். பாதியில் டிரில்லின் முனை உடைந்து போல்ட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டு, எதிர்ப்பக்கம் மரை போட்ட ஒரு ஆணியை விட்டுத் திருகினார். இப்படித் திருகினால் போல்ட்டு தானாக வெளியே வரும் என்றார். அந்த ஆணியும் உடைந்தது. "இப்ப உள்ள மூணு இருக்கும்மா," என்றார், ஏதோ விருந்தாளியைச் சொல்வது மாதிரி. "எடுக்கச் சொன்னா சேர்த்துக்கிட்டே போறீங்களே!" "எல்லாம் ஒரே ஓட்டையிலதானேம்மா இருக்கு. வந்தா மொத்தமா வந்துடும்." வராவிட்டால் மொத்தமாக வராது என்பதை அவர் சொல்லவில்லை.

அப்புறம் வெல்டரைக் கூட்டிவந்தார். உடைந்த போல்ட்டின் வெளிமுனையில் புதிதாக ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து, அந்தச் சூட்டோடு நட்டைப் பிடித்துத் திருகினால் துரு விட்டுக்கொடுக்கும் என்று திட்டம். வெல்டர் நல்ல மனிதர், ஆனால் முகமூடி போட்டிருக்கும்போது அவர் பேசுவது நமக்குக் கேட்காது, நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. பொறி பறந்து டிரைவர் சீட்டின் கிழிசலில் விழுந்து, உள்ளே இருந்த பஞ்சு புகைய ஆரம்பித்தது. "சீட்டு! சீட்டு!" என்று கத்துகிறேன், அவர் முகமூடிக்குள்ளிருந்து தலையாட்டுகிறார், பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. தண்ணீர் எடுக்க ஓடினால் அதற்குள் பற்றிக்கொள்ளும். நான் யோசிக்கவில்லை, அந்தப் பக்கத்தில் ஏறி, கியர்க் கம்பியைத் தாண்டி, புகைகிற இடத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நெருப்பு அணைந்தது. புடவையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை, எனக்குக் காயம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான். நடுவில் பள்ளமாக இருந்தது. இதோ வந்து, "இறங்குங்கம்மா, வேலை இருக்கு," என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் இறங்கினேன்.

முதல் நட்டு பிய்ந்துகொண்டது. இரண்டாவது நட்டு பிடித்தது. கால் சுற்று, அரைச் சுற்று, வெளியே வந்துவிட்டது, டிரில் முனை, ஆணி எல்லாவற்றோடும் மொத்தமாக. இதோவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை. ஆனால் போல்ட்டு வெளியே வந்த அதே நேரத்தில், தூணுக்கு உள்பக்கம் அதைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய நட்டு கழன்று உள்ளே விழுந்தது. டங். அது விழுந்த இடத்திலிருந்து இன்னொரு டங். வெல்டர் முகமூடியைத் தூக்கினார். "கீழ ஏற்கெனவே யாரோ இருக்காங்க," என்றார்.

பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து அதன் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, பிரேக் மிதிக்குப் பக்கத்தில் இருக்கிற மூடியைத் திறந்து, அந்த ஓட்டை வழியாகத் தூணுக்குள் இறக்கினார் இதோ. முதல் தடவை அந்த நட்டு வந்தது. இரண்டாம் தடவை தலை உடைந்த பழைய போல்ட்டு ஒன்று வந்தது. மூன்றாம் தடவை இன்னொன்று. ஆக இது முன்பே இரண்டு தடவை உடைந்து, எனக்குத் தெரியாமல் மாற்றப்பட்டிருக்கிறது. அப்புறம் நாலு பாட்டில் மூடி வந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை, பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. கடைசியில் காந்தம் எதையோ பிடித்துக்கொண்டு மேலே வரமாட்டேன் என்றது. இதோ கையை விட்டு வளைத்து வெளியே எடுத்தார். ஒரு ஸ்பேனர். துருவேறி, கருவாடு மாதிரி ஆகியிருந்தது.

வண்டி இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் லொடக் என்று ஒரு சத்தம் வருமே, உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதுவும் நீங்கள் போனபிறகுதான். அதற்காக உங்கள் அண்ணன் பட்டையை மாற்றினார், புஷ்ஷை மாற்றினார், ஒரு தடவை இடது பக்கம் திரும்பாத வழியாகவே சுற்றிக்கொண்டு லோடு கொண்டுபோனார். அந்தச் சத்தம் இந்த ஸ்பேனர்தான். உள்ளே கையை விட்டு நட்டைப் பிடித்திருக்கிறார், ஸ்பேனரை அதிலேயே விட்டுவிட்டு மூடியைப் போட்டிருக்கிறார், அது எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, நெஞ்சை வலிக்குதா?" என்றார் இதோ. "இல்ல, வேற ஒண்ணு," என்றேன். அந்த வேறு ஒன்றைக் கீழே எழுதுகிறேன், முதலில் கதவை மாட்டிவிடுகிறேன்.

புதுப் போல்ட்டு வாங்க நானே போனேன். உடைந்ததைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டினேன். எந்த ரகம் வேண்டும் என்றார். உடையாத ரகம் வேண்டும் என்றேன். "உடையாத போல்ட்டுன்னு ஒண்ணு கிடையாதும்மா." "அப்ப உடையறதுக்கு முன்னாடி சொல்லிட்டு உடையற மாதிரி ஏதாவது இருந்தா குடுங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கெட்டியானதாக நாலு எடுத்துக் கொடுத்தார். அதைக் கொண்டுவந்தால் மரை பொடிசாக இருக்கிறது, நட்டில் ஏறவில்லை. மறுபடி போனேன். மறுபடி கொடுத்தது நீளம் போதவில்லை. மூன்றாம் தடவை போனபோது அவரே கடைப் பையன் மாதிரி ஓடிவந்து வாசலிலேயே வாங்கிக்கொண்டார், உள்ளே கூட விடவில்லை. அந்தத் தடவை கொடுத்தது சரியாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை கதவை மாட்டினோம். முதலில் ஒரு விரல் இறங்கி நின்றது, கீலுக்கு அடியில் தகடு கொடுத்து ஏற்றினார்கள். இதோ கதவைச் சாத்தினார். டப் என்று ஒரே சத்தத்தில் சாத்திக்கொண்டது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அன்றும் உள்ளே போய் வைத்துவிட்டேன். கொதித்த பிறகு இதோவுக்கும் வெல்டருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன், வீணாக்காமல்.

இனிமேல் எழுதுவதுதான் உங்களுக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால், நீங்களும் அவரும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் ஸ்பேனரைக் காணோம் என்று உங்கள் அண்ணன் வண்டியைப் புரட்டிப் போட்டார். அதற்கு முந்தின நாள் வண்டி உங்கள் கையில் இருந்தது. "வீட்டுக்குள்ள திருடனை வச்சுக்கிட்டு வெளிய பூட்டுப் போட்டிருக்கேன்," என்று நடுத்தெருவில் நின்று சொன்னார். நீங்கள் சாவியை மட்கார்டு மேல் வைத்துவிட்டுப் போனவர்தான். அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். நானும் ஒன்று சொன்னேன். ஜன்னலுக்கு உள்ளே நின்று, "இரும்பு என்ன, கால் முளைச்சா போயிருக்கும்?" என்றேன். உங்கள் காதில் விழாது என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் ஒரு வினாடி நின்றுவிட்டுத்தான் போனீர்கள். அந்த ஒரு வினாடியை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அவரை எடுத்துக்கொண்டு போன அன்று, எதிரில் கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் நீங்கள் கடைசி வரைக்கும் நின்றதை நான் பார்த்தேன். உள்ளே வா என்று சொல்ல வேண்டியவள் நான்தான். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தபோது நீங்கள் இல்லை.

ஸ்பேனர் தூணுக்குள்தான் இருந்தது. நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் அண்ணன் சொன்னதற்கு அவருக்குப் பதிலாக நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து சொன்னதற்கு எனக்காக நானே கேட்கிறேன். உங்கள் அண்ணன் வெளியாளிடம் சாவியைக் கொடுத்ததில்லை, ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்கும் கொடுக்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்துவிடுங்கள். சாவி வழக்கமான ஆணியில் மாட்டியிருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்குப் பெரியம்மாவின் ஆசீர்வாதம், கை கால் சுகத்தோடும், யார் மேலும் ஆறு வருஷம் கோபப்படாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஒரு காரியம் ஆகிவிட்டது. அந்த ஸ்பேனரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு அறை வைத்து நான் தைத்துக் கொடுத்த அந்தச் சாமான் பையில் காலியாக இருந்த அறையில் வைக்கப் போனேன். உள்ளே தொளதொளவென்று நின்றது. மகளைக் கூப்பிட்டு நம்பரைப் படிக்கச் சொன்னேன். இது பதினாலு என்றாள். காலியாக இருக்கும் அறை பதினேழு. அன்றைக்கு அவர் "பதினேழு, பதினேழு" என்றுதான் கத்தினார், இப்போதுதான் எனக்கும் ஞாபகம் வருகிறது. பதினாலின் அறையில் புத்தம் புதிதாக ஒரு பதினாலு இருக்கிறது. ஆக இதையும் தொலைத்திருக்கிறார், சத்தம் போடாமல் வேறு வாங்கி வைத்திருக்கிறார், அதற்கு யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. அதனால் மேலே ஸ்பேனரைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள், திரும்ப எழுதத் தாள் இல்லை. மன்னிப்புக் கேட்ட இடத்தை மட்டும் அடிக்க வேண்டாம். அந்தப் பதினேழு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன். ஒருவேளை உங்களிடம் இருந்தால் வரும்போது எடுத்துக்கொண்டு வாருங்கள், பக்கக் கண்ணாடியின் போல்ட்டு ஆடுகிறது, அதற்குப் பதினேழுதான் வேண்டுமாம். இல்லாவிட்டாலும் வாருங்கள்.